பரணி வேண்டா, ஆற்றுப்படை வேண்டும்

வழி என்பது நமக்கு முன்னரே இருப்பது. நாம் அதன்மீது நடந்து போகிறோம். இதுவே நம் எல்லோருடைய எண்ணமும். யாழ்ப்பாணத்து ஒழுங்கையானாலும் சரி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையானாலும் சரி, நேற்று இருந்த இடத்திலேதான் இன்றும் இருக்கும். ஓர் இரவிலே அது மறைந்துபோகும் என்றோ, நமது காலடியே இன்னொருவனுக்கு வழியாகிவிடும் என்றோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டிய தேவையும் நமக்கு இருந்ததில்லை.

வெண்பனி மூடிய மலையிலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நேற்றைய வழி இன்று இல்லை. பனி பெய்து ஓய்ந்த காலையிலே முதலில் எவன் நடக்கிறானோ, அவன் கால் பதிந்த இடமே வழி. பின்னால் வருபவன் அதனைத்தான் நம்பி வருவான். முன்னவன் செம்மையாக நடந்தால் பின்னவனும் செம்மையாக நடப்பான். முன்னவன் திசை தவறினால் பின்னவனும் தவறுவான். ஆகவே, பனிமலையில் நடப்பவன் ஒவ்வொருவனும், தான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பிறருக்கு வழிகாட்டியாகிவிடுகிறான். இந்தப் பொறுப்பை உணர்ந்து நடப்பவர்கள் எத்தனை பேர்? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்பும் கேள்வி.

இதனை எழுப்ப எனக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். நான் சிகரங்களை வென்ற வீரனல்லன். கனடாவின் மொன்றியல் நகரிலே பிள்ளைகளோடு சில குளிர்காலங்களைக் கழித்தபோது, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள வெள்ளை மலைகளின் காட்டுப் பாதைகளிலே நடந்தவன்; நடந்தவர்களிடம் கேட்டறிந்தவன்; அம்மலைகளின் வரலாற்றை ஆவலோடு படித்தவன். அவ்வளவே. ஆயினும், பொது வழி எதுவோ அதனைப் பற்றிப் பேச வழிப்போக்கனுக்கும் உரிமை உண்டல்லவா?

உயரத்தில் தாழ்ந்தது, குளிரில் உயர்ந்தது

வெள்ளை மலைகளிலே மிக உயர்ந்தது வாஷிங்டன் மலை. அதன் உயரம் 6,288 அடி. அதாவது 1,917 மீற்றர். நமது சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். பீதுருதலாகலை 2,524 மீற்றர். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் இரவிலே ஏறி விடியலிலே கதிரவனைத் தொழுது இறங்குகின்ற சிவனொளிபாதத்தைவிட வாஷிங்டன் மலை தாழ்ந்தது. அப்படியிருந்தும், 1849ஆம் ஆண்டு முதல் 150க்கு மேற்பட்டோர் அதன் சரிவுகளிலே பல்வேறு விதமாக உயிரிழந்திருக்கிறார்கள். மலையின் கொடுமையை அதன் உயரத்தைக் கொண்டு அளக்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காரணம் காற்றும் குளிருமாம். புயல்கள் பல திசைகளிலிருந்தும் வந்து கூடும் இடத்திலே, காற்றுக்குக் குறுக்காக ஒரு மதில்போல நிற்கிறது அந்த மலைத்தொடர். மதிலைத் தாண்ட முயலும் காற்று உச்சியிலே வேகம் கொள்கிறது. 1932இலே அங்கு நிறுவப்பெற்ற வானிலை நோக்கு நிலையத்தார், 1934 ஏப்ரல் 12ஆம் நாள் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்றை அளந்தார்கள். 1996இலே அவுஸ்திரேலியாவின் பரோ தீவிலே சூறாவளியொன்றின்போது தானியங்கிக் கருவி இதனினும் மிக்க வேகத்தைப் பதிந்தது. எனினும், மனிதர் உடனிருந்து அளந்த காற்றுகளில் வாஷிங்டன் மலையின் காற்றே இன்றும் முதலிடம் வகிக்கிறது. ஆண்டில் 100 நாட்களுக்கு மேல் சூறாவளிக்கு ஒப்பான வேகத்திலே அங்கு காற்று வீசுகிறது. 2023 பெப்ரவரித் தொடக்கத்திலே உச்சியின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 44 பாகை செல்சியஸ் வரை வீழ்ந்தது. காற்றையும் சேர்த்துக் கணித்தால் அது பூச்சியத்துக்குக் கீழே 78 பாகைக்கு ஒப்பாயிற்று. ஆண்டொன்றுக்கு உச்சியிலே பெய்யும் வெண்பனியோ சராசரியாக ஏறக்குறைய 7 மீற்றர்.

பனி என்ற ஒரே சொல்லால் நாம் புல்நுனித் துளியையும் குறிக்கிறோம், மார்கழி விடியலின் மூட்டத்தையும் குறிக்கிறோம், இமயத்தின் வெண்மையையும் குறிக்கிறோம். நுவரெலியாவிலே சில காலைகளில் புல்லின்மேல் உறைந்திருப்பதைக் கண்டவர்களுக்கு அதன் ஒரு சாயல் தெரியும். ஆனால், கடல்மணல்போலக் குவிந்து, காற்றிலே இடம்பெயர்ந்து, ஒரு நாள் மாவாகவும் மறுநாள் கல்லாகவும் மாறுகின்ற அந்தப் பொருளை, அதன்மீது நடந்தவரே அறிவர். அதன்மீது நடப்பதுபற்றிச் சிறிது விளக்குவது அவசியம்.

வழி மறையும் விதம்

கோடையிலே அக்காட்டுப் பாதைகளில் வழி தவறுவது அரிது. மரங்களின் அடியிலே, மார்பளவு உயரத்தில், வர்ணம் தீட்டி அடையாளம் வைத்திருப்பார்கள். மரங்கள் வளர முடியாத மேற்பகுதியிலே, ஏறத்தாழ 4,500 அடிக்கு மேல், கற்களைக் குவித்து வழி காட்டியிருப்பார்கள். குளிர்காலத்திலே இவையெல்லாம் பொய்த்துவிடுகின்றன. நாலைந்து அடி பனி தேங்கியதும் வர்ண அடையாளங்கள் புதைந்துபோகின்றன. கோடையிலே தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்த கிளைகள் முகத்திலே அறைகின்றன. கற்குவியல்கள்மீது காற்றில் வந்த நீர்த்துளிகள் உறைந்து ஒட்டி, அவற்றைச் சுற்றியுள்ள வெண்மையோடு வெண்மையாக்கிவிடுகின்றன. வானும் நிலமும் ஒரே நிறமாகிவிட்டால், தன் முழங்கைக்கு அப்பால் இருப்பது சரிவா சமதரையா என்று அறிய முடியாது. வெள்ளிடைமலை என்று தெளிவுக்கு உவமை சொல்வது நம் மரபு. அங்கே வெள்ளிடையில் மலையையே காணோம்!

வழி கண்ணுக்குத் தெரிந்தாலும் அதன் தன்மை நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணி மாறுகிறது. புதுப்பனியிலே கால் தொடை வரை புதையும். வெயில் பட்டு இரவிலே உறைந்தால் அதே பனி கண்ணாடிபோல வழுக்கும். ஊற்றுநீர் வடியும் பாறைகளிலே பனிக்கட்டி புடைத்து நிற்கும். அதனைக் கடக்கச் சப்பாத்தின் அடியிலே இரும்பு முட்களைப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓடைகளின்மீது பனி பாலம் கட்டியிருக்கும். அது காலையிலே ஆளைத் தாங்கும், மாலையிலே தாங்காது. சிறு ஊசியிலை மரங்கள் முழுதும் புதைந்துவிட்ட இடங்களில், கிளைகளின் கீழே வெற்றிடம் ஒளிந்திருக்கும். பாதையைவிட்டு இரண்டடி விலகியவன் மார்பு வரை அதனுள் விழுந்து, எழ முடியாமல் தவிப்பான்.

இப்படிப்பட்ட நிலத்திலே நடப்பதற்கு மனிதன் கண்ட நல்ல உபாயம் பனிமிதியடி. சப்பாத்தின் அடியிலே கட்டிக்கொள்ளும் அகன்ற சட்டம் அது. உடலின் பாரத்தை நாலைந்து மடங்கு அதிகமான பரப்பிலே பரப்பிவிடுவதால் கால் ஆழப் புதைவதில்லை. இதனால் நன்மை அணிந்தவனுக்கு மட்டுமன்று. மிதிபட்ட பனியின் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒட்டி, சில மணி நேரத்திலே இறுகிவிடும் இயல்புடையவை. ஆகவே, நாலு பேர் பனிமிதியடியோடு நடந்த பாதை, இரவு கழிந்ததும் செப்பனிட்ட வீதிபோல உறுதியாகிவிடுகிறது. மறுநாள் வருபவன் பாதி உழைப்பிலே நடக்கலாம்.

பனிமிதியடி இன்றி வெறுஞ் சப்பாத்தோடு நடப்பவன் செய்வது என்ன? அடிக்கொரு குழி தோண்டிச் செல்கிறான். முழங்கால் ஆழமுள்ள அக்குழிகள் இரவிலே அப்படியே உறைந்து இரும்பாகின்றன. அடுத்து வருபவனின் கணுக்கால் அதில் சிக்கி முறியலாம். வழுக்குக்கட்டை அணிந்து இறங்குபவன் தலைகுப்புற விழலாம். ஒருவன் ஒரு மணி நேரத்தில் கெடுத்த பாதையைச் சீராக்க அடுத்த பனிப்பொழிவு வரவேண்டும். "என் காலில் நான் நடந்தேன், எவனுக்கு என்ன?" என்று அவன் கேட்கலாம். வாய்க்காலின் மேல்முனையிலே உள்ளவன், "என் நிலத்து நீரை நான் கலக்கினேன், எவனுக்கு என்ன?" என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

அயலிலுள்ள நியூயோர்க் மாநிலத்தார் இதற்குச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அங்குள்ள அடிரொண்டாக் மலைகளின் உயர்சிகரப் பகுதியிலே, 8 அங்குலமோ அதற்கு மேலோ பனி தேங்கியிருந்தால், பனிமிதியடியோ வழுக்குக்கட்டையோ அணியாமல் நடப்பது குற்றம். நியூ ஹாம்ஷயரிலே அத்தகைய சட்டம் இல்லை. வழக்கம் ஒன்றே காவல். சட்டமா வழக்கமா சிறந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பத்துப்பாட்டிலே ஒரு பாடம்

தமிழர்களாகிய நமக்கு வெண்பனி புதிது. ஆனால், சென்றவன் செல்பவனுக்கு வழி சொல்லும் கலை புதிதன்று. உலக இலக்கியத்திலே அதற்கென்றே ஒரு தனி வகையை வகுத்தவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை நூல்கள். ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்பவன், எதிர்ப்படும் வறியவனை நோக்கி, எங்கே போகவேண்டும், எவ்வழியாகப் போகவேண்டும், வழியிலே என்ன உண்டு என்று எடுத்துரைக்கிறான்.

அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தை நான் மீண்டும் மீண்டும் படித்து வியப்பதுண்டு. பெருங்கௌசிகனார் அங்கே வள்ளலின் பெருமையை மட்டும் பாடிவிட்டு நின்றுவிடவில்லை. மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பன்றிகளுக்கென்று வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு மறைந்திருக்கும் பள்ளங்களை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் யானைமீது எறியும் கவண்கற்களுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையிலே எதனைப் பற்றிக்கொண்டு நடப்பது என்றெல்லாம் விரித்துரைக்கிறார். இவற்றோடு இன்னும் ஒன்று சொல்கிறார். என் உள்ளத்தைக் கவர்ந்தது அதுதான். முன்பின் அறியாத நாட்டிலே வழி கவர்த்துச் செல்லும் இடம் வந்தால், சரியான வழியை அறிந்துகொண்டபின், அந்தச் சந்தியிலே புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறார். பின்னே வருபவர் யாரென்று தெரியாது. அவர் நமக்கு உறவுமல்லர். ஆயினும் அவருக்காக ஒரு கணம் குனிந்து புல்லை முடிய வேண்டும்.

பனிமலைப் பாதையின் அறம் முழுவதும் இந்த ஒரு செயலிலே அடங்கிவிடுகிறது என்பது என் துணிபு. செம்மையாக மிதித்த பாதை ஒரு முடிந்த புல். மலையடிவாரத்துப் பலகையிலோ, தங்குமனைக் குறிப்பேட்டிலோ, எதிரே வருபவனின் காதிலோ உண்மையாகச் சொல்லிவைத்த செய்தி இன்னொரு முடிந்த புல்.

ஒரு பெப்ரவரிக் காலை நான் கண்டதைச் சொல்கிறேன். அடிவாரத்திலே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மாது மலையிலிருந்து இறங்கி வந்தார். மேலே போக ஆயத்தமாக இரண்டு இளைஞர் நின்றனர். அம்மையார் அவர்களிடம் சொன்னது இவ்வளவே: "இரண்டாவது ஓடை வரை பாதை நன்றாக மிதிபட்டிருக்கிறது. அதற்கப்பால் ஒருவரும் போகவில்லை. முழங்காலுக்கு மேல் புதையும். ஓடையின் பனிப்பாலம் நடுவிலே இடிந்திருக்கிறது. நான் பத்தரை மணிக்கு அங்கிருந்து திரும்பினேன்." இளைஞர்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள், பனிமிதியடி இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, நன்றி கூறி, தாழ்ந்த வேறொரு பாதைக்குப் போய்விட்டார்கள்.

அம்மையாரின் சொற்களை ஆராய்ந்து பாருங்கள். எது வரை போனார், என்ன கண்டார், எந்த நேரத்திலே கண்டார், எதை அணிந்தால் போகலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. "அருமையான நாள்", "கடினமான ஏற்றம்" என்ற அலங்காரம் ஒன்றுமில்லை. உச்சிக்குப் போகவில்லை என்ற வெட்கமும் இல்லை. இதுவன்றோ ஆற்றுப்படை!

பரணி பாடும் காலம்

நம் காலத்திலோ பரணி பாடுவோர் பெருகிவிட்டனர். போர்க்களத்திலே ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனைப் பாடுவது பரணி. இன்று யானைக்குப் பதிலாகச் சிகரங்கள். வெள்ளை மலைகளிலே 4,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களைக் கணக்கெடுத்து, அவற்றையெல்லாம் ஏறியவர்களுக்கென 1957இலே ஒரு கழகம் தோன்றியது; அந்தப் பட்டியல் பின்னர் 48 ஆயிற்று. குளிர்காலத்திலே அத்தனையும் ஏறி முடித்தோருக்குத் தனிச் சிறப்பு. 1960 டிசம்பரிலே மிரியம் அண்டர்ஹில் என்ற அம்மையாரும் அவர் கணவர் ரொபேர்ட் அண்டர்ஹில்லும் முதன்முதலில் அதனை நிறைவேற்றினர். இருவரும் பல்லாண்டு மலைப்பயிற்சி உடையவர்கள். அவர்கள் சாதனையைப் போற்றுகிறேன். கழகத்தையும் குறை கூற மாட்டேன். அம்மலைகளிலே பாதைகளை வெட்டிப் பேணுவோரில் பலர் அத்தகைய அன்பர்களே.

என் குறையெல்லாம், எண்ணிக்கை மனத்திலே ஏறி உட்கார்ந்துகொண்டால் கண் பாதையைப் பார்க்க மறுக்கிறது என்பதுதான். 47 சிகரங்களை ஏறியவனுக்கு 48ஆவதின் அடிவாரத்திலே கருமேகம் தெரிவதில்லை. படத்திலே உச்சியில் நின்று சிரிப்பவன், ஓடையிலே பாலம் இடிந்திருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறான். திரும்பி வந்தவனோ, சொல்ல வெட்கப்பட்டு மௌனமாகிவிடுகிறான். இவ்விதம், வழியைப் பற்றி மிகப் பயனுள்ள செய்தி எவனிடம் இருக்கிறதோ, அவனே வாயை மூடிக்கொள்கிறான். இது சமூகத்தின் பழியேயன்றி அவனுடைய பழியன்று. வென்றவனுக்கு மாலை சூட்டித் திரும்பியவனைக் கண்டு சிரித்தவர்கள் நாமல்லவா?

வாஷிங்டன் மலையின் மரணப் பட்டியலிலே முதல் பெயரே நமக்குப் போதிக்கிறது. 1849 ஒக்ரோபரிலே பிரெட்ரிக் ஸ்ட்றிக்லண்ட் என்ற ஆங்கிலேயர், 1819இலே வெட்டப்பட்ட குரோபர்ட் பாதை வழியாக ஏறினார். காலத்துக்கு முந்தி வந்த பனி பெய்திருந்தது. உடன் வந்த வழிகாட்டி அதனைக் கண்டு திரும்பினார். ஸ்ட்றிக்லண்ட் தனியே மேலே போனார். இறங்கும்போது வழி தவறி, குளிரால் மாண்டார். திரும்பி வந்த அந்த வழிகாட்டியை மலையேறுவோர் எவரும் கொண்டாடுவதில்லை. அன்று மலையின் நிலையைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவரே!

திரும்புவது கோழைத்தனம் என்று எண்ணுவோர், குளிர் உடலிலே செய்யும் வேலையை அறியாதவர்கள். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது மங்குவனவற்றுள் மனிதனின் தீர்ப்பும் ஒன்று. கால்கள் நடந்துகொண்டிருக்கும், கை பையைத் திறக்க மறுக்கும், "இன்னும் சிறிது தூரம்தானே" என்று மனம் சொல்லும். அந்த நேரத்திலே திரும்புவதா வேண்டாமா என்று ஆலோசிப்பது, கள் குடித்தபின் குடிக்கலாமா என்று ஆலோசிப்பது போலாகும். ஆகவேதான், எத்தனை மணிக்கு, எந்நிலையிலே திரும்புவது என்பதை அடிவாரத்திலே, உடல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள் அறிந்தவர்கள். டிசம்பரிலே பிற்பகல் நாலேகால் மணியளவில் அங்கே கதிரவன் மறைந்துவிடுகிறான் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

"என் உயிர், என் உரிமை"

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் உண்டு. "மலை சுதந்திரத்தின் இருப்பிடம். அங்கே அபாயத்தைத் தேடிப் போவது என் உரிமை. உயிர் என்னுடையது, பிறர் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்பார்கள். கேட்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால், மலையிலே எவனும் தனியாக வழி தவறுவதில்லை. அவனைத் தேட வேறு மனிதர்கள் வருகிறார்கள்.

1982 ஜனவரியிலே 17 வயதினரான ஹியூ ஹேர் என்ற இளைஞரும் அவருடைய தோழரும் வாஷிங்டன் மலையின் ஹண்டிங்டன் பள்ளத்திலே பனிக்கட்டிச் சரிவொன்றை ஏறினர். இருவரும் கைதேர்ந்தவர்கள். மேலே சென்றபோது பனிப்புயல் சூழ்ந்தது. இறங்குகையில் திசை தவறி, மலையின் மறுபக்கத்திலுள்ள பெரும்பள்ளத்தினுள் இறங்கிவிட்ட இருவரும் மூன்று இரவுகள் பனியிலே கிடந்தனர். அவர்களைத் தேடிப் புறப்பட்ட தொண்டர்களிலே ஒருவர் அல்பேர்ட் டோ, வயது 28. ஜனவரி 25ஆம் நாள் மலைச்சரிவிலே பனி பெயர்ந்து வீழ்ந்து அவரைக் கொன்றது. தாம் ஒருபோதும் கண்டிராத இருவருக்காக அவர் உயிர் துறந்தார்.

இளைஞர்கள் மறுநாள் காப்பாற்றப்பட்டனர். எப்படி? பனிமிதியடி கட்டி அவ்வழியே நடந்த ஒரு பெண், பனியிலே விசித்திரமாகச் சுற்றிச் சுற்றிச் சென்ற காலடிகளைக் கண்டார். இது நோக்கம் தெரிந்து நடந்தவரின் சுவடன்று என்று உணர்ந்து, அவற்றைத் தொடர்ந்து போய் இருவரையும் கண்டுபிடித்தார். சுவட்டை வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்று வந்திராவிட்டால் இறந்தவர் தொகை மூன்றாகியிருக்கும். ஹேரின் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. பின்னாளில் அவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே பேராசிரியராகி, காலிழந்தோருக்குச் செயற்கைக் கால்கள் அமைக்கும் ஆராய்ச்சியிலே புகழ்பெற்றார். அவருடைய பணி நெடிது வாழ்க. ஆயினும், "என் உயிர், என் உரிமை" என்று சொல்வோர், அல்பேர்ட் டோவின் பெற்றோரை ஒரு கணம் நினைத்துவிட்டுச் சொல்லட்டும்.

சட்டமும் வழக்கமும்

இன்னொரு சாரார், "அப்படியானால் தண்டனை வழங்குங்கள்" என்பர். நியூ ஹாம்ஷயர் அரசு அதனையும் செய்து பார்த்திருக்கிறது. துணிச்சலின் பெயரால் பொறுப்பின்றி நடந்து மீட்கப்பட்டவரிடம் தேடுதல் செலவை அறவிடும் சட்டம் 1999இலே வந்தது. கவனக்குறைவே அதற்குப் போதுமானது என்று 2008இலே அது இறுக்கப்பட்டது. 2015 முதல், ஆண்டுக்கு 25 டொலர் செலுத்தி ஓர் அட்டை வாங்கியவர் கவனக்குறைவுக்கான அறவீட்டிலிருந்து விலக்குப் பெறலாம். மீட்புப் பணிக்குப் பணம் வேண்டியதே, அதனை மறுக்கவில்லை. ஆனால், செலவுச் சீட்டுக்கு அஞ்சி, உதவி கேட்க வேண்டிய நேரத்திலே ஒருவன் தயங்கினால், அந்தத் தயக்கமே அவன் உயிருக்கு உலையாகலாம். இரவு வந்தபின் தேடப் போகும் தொண்டர்களின் ஆபத்தும் பெருகும். ஆகவே, தண்டனையிலே நான் பெரிதும் நம்பிக்கை வைக்கவில்லை.

அதே மாநிலத்தாரும் வெள்ளை மலைத் தேசிய வனத்தாரும் கூடி 2003இலே வகுத்த நடப்போர் நெறி எனக்கு உவப்பானது. அறிவோடும் கருவிகளோடும் போ, போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போ, கூடிப் போ, திரும்பத் தயாராக இரு, நேரும் இடர்களுக்கு ஆயத்தமாக இரு, இந்நெறியைப் பிறருக்கும் சொல் என்பன அதன் சாரம். திரும்புவதை ஒரு கடமையாக வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. எனக்கு அதிகாரம் இருந்தால், இன்னொன்றையும் சேர்ப்பேன்: கண்டதைக் கண்டபடி சொல்.

நியூயோர்க்கின் பனிமிதியடிச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. வேலி நல்லதே. ஆனால், ஆளில்லா மலையிலே எந்தக் காவலர் நின்று பார்ப்பார்? பின்னால் வருபவன் முகத்தை மனக்கண்ணால் காணப் பழகிய நெஞ்சே அங்கு காவலர்.

செய்தி சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவது நியாயமே. நேற்றுச் "வழி நன்று" என்று ஒருவன் சொன்னதை நம்பி இன்று போகிறவன், இரவு வீசிய காற்றிலே வழியே இல்லாமற் போயிருப்பதைக் காண்பான். ஆனால், இது செய்தி வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. செய்தியைச் செம்மையாகச் சொல்லவேண்டும் என்பதற்கே காரணமாகும். நாளும் நேரமும் இல்லாத செய்தி பனியிலே செல்லாக்காசு. எது வரை கண்டேன் என்ற எல்லை இல்லாத செய்தி பொய்யைவிடக் கொடிது. கேட்பவனுக்கும் கடமை உண்டு: உச்சிக்கென்று வானிலை நிலையம் நாள்தோறும் வெளியிடும் அறிவிப்பையும், பனிச்சரிவு அபாயம்பற்றிய அறிவிப்பையும் படித்தபின்னரே, பிறர் சொன்னதை அவற்றோடு ஒப்புநோக்க வேண்டும். ஆற்றுப்படை கேட்ட பாணனும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை.

எம்மவர்க்கு ஒரு சொல்

இதனை ஈழத்து வாசகர்களுக்கு எழுதுவானேன்? ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இன்று நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். நாம் பழக்கதோஷத்தால் யன்னலுக்குள்ளிருந்து பார்க்கும் பனியை, அவர்கள் தங்கள் நிலமாகவே கொண்டுவிட்டார்கள். வார இறுதியிலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். போகட்டும், தடுக்க வேண்டாம். பனிபடர்ந்த ஊசியிலைக் காட்டின் அமைதியும், உறைந்த அருவியின் நீலமும் வாழ்நாளிலே ஒரு முறையேனும் காணத்தக்கவை.

ஆனால், அவர்கள் திரும்பி வந்து தொலைபேசியிலே அழைக்கும்போது நாம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்வோம். "உச்சி கண்டாயா? படம் எடுத்தாயா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விதான் அடுத்த முறை காற்றுக்கு எதிராக அவர்களை ஓர் அடி அதிகமாக நடக்கவைக்கிறது. பாதிவழியிலே திரும்பிய பிள்ளை நம்மிடம் அதனைத் தயங்காமல் சொல்லும்படி கேட்போம். "வழி எப்படி இருந்தது? பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னாயா?" என்று கேட்போம்.